கரண்ட் போன இன்குபேட்டர்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊரில் இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பேராவது தேறுவோம். இரண்டு மூன்று பேருடையது கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் ஏற்றி வந்த தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, மூன்று நாள் வெயிலில் போட்டு, வாடை போன பிறகு பல்ப் மாட்டிச் செய்தது. நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தும் மழைக்காலம் வந்தால் எங்களுக்கு விளக்கடி இருட்டுதான். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் என் போன் அடித்தால் பெரும்பாலும் இதுதான் கேள்வி: “அண்ணே, பெட்டி 33 காட்டுது. முட்டை அவ்ளோதானா?”

அவ்வளவு சீக்கிரம் போகாது. ஃபேன் வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி சரியான சூடு. ஃபேன் இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.5 வரை இருக்கலாம். பெட்டி 32 டிகிரிக்கு இறங்கி மூன்று நான்கு மணி நேரம் கிடந்தால் கரு மெதுவாக வளரும், பொரிப்பு தள்ளிப்போகும். அதே பெட்டி 40.5 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தாலே கருவுக்குப் பெரிய சேதம். ஆறிப்போய்ச் செத்த முட்டையை விட, கரண்ட் திரும்பி வந்த பிறகு வெந்து செத்த முட்டையைத்தான் நான் அதிகம் உடைத்துப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளதைப் படிக்கும்போது இது நினைவிலிருக்கட்டும்.

அறிகுறி 1: கரண்ட் இல்லை, சூடு இறங்கிக்கொண்டே போகிறது

முதலில் மூடியைத் திறக்காதீர்கள். முட்டை ஜில்லென்று ஆகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கத் திறப்பதில் இரண்டு டிகிரி போய்விடும். தெர்மாமீட்டர் காட்டுவது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு. முட்டையின் உள்சூடு அதைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஒரு சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் இன்னொரு தெர்மாமீட்டரின் முனையை விட்டு முட்டைகளோடு படுக்க வையுங்கள். அது காட்டுவதுதான் முட்டையின் நிலைக்குப் பக்கத்தில் வரும். காற்று 31 காட்டும்போது என் பாட்டில் 35 காட்டிய இரவுகள் உண்டு.

*தெருவே இருட்டா, உங்கள் வீடு மட்டுமா?* வீடு மட்டும் என்றால் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் மெயின் சுவிட்ச்) விழுந்திருக்கும். ஒரு தடவை தூக்கிவிடுங்கள். மறுபடி விழுந்தால் இன்குபேட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். இப்போது நின்றால் கோளாறு பெட்டியில். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிளக்கைக் கழற்றியும் விழுந்தால் வீட்டு வயரிங், அதற்கும் அவர்தான். தெருவே இருட்டு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. புதுச்சேரி எல்லைக்குள் பாகூர், அரியாங்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு 1912.

*முட்டைக்கு எத்தனை நாள்?*

முதல் இரண்டு வாரம் கருவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. பெட்டியைப் போர்வையால் சுற்றுங்கள். காற்று ஓட்டைகளில் பாதியை மூடினாலும் தாங்கும்.

15 முதல் 18 நாள் வரை கரு தானே சூடு விடத் தொடங்கியிருக்கும். போர்வை போதும், ஓட்டையை மூடாதீர்கள். பெட்டியில் நிறைய முட்டை இருந்தால் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும்.

18 நாள் தாண்டியது என்றால் கவலையே வேறு. குஞ்சு மூச்சுவிடத் தொடங்கும் நேரம், ஃபேனும் நின்றுபோயிருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை மூடியை ஒரு விரல் உயரம் தூக்கி, ஒரு நிமிடம் காற்று மாற விடுங்கள். சூடு ஒரு டிகிரி போனாலும் பரவாயில்லை.

இந்தக் கணக்கு நாட்டுக்கோழிக்கு, அதாவது 21 நாளுக்கு. காடைக்கு 17, 18 நாள், வாத்துக்கும் வான்கோழிக்கும் 28, மணிலா வாத்துக்கு 35. அந்த அளவில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

*எந்த மாதம்?* கத்திரி வெயிலில் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் நான் எழுந்துகூடப் பார்ப்பதில்லை. அறையே 35 டிகிரி. அப்போது பார்க்க வேண்டியது ஜன்னல் வெயில் பெட்டி மேல் விழுகிறதா என்பதை மட்டும். மார்கழி இரவில் அறை 22, 23க்கு வரும். எழுந்துதான் ஆக வேண்டும்.

அறிகுறி 2: ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, பாட்டில் 34க்குக் கீழே போகிறது

இங்கே செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

வெந்நீர். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 40க்கு ஆறும்போது விடும் சூடு 35 வாட் பல்ப் ஒரு மணி நேரம் எரிந்ததற்குச் சமம். மூன்று லிட்டர் வைத்தால் என் 60 முட்டைப் பெட்டி இரண்டரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, ஈரம் வெளியே வராமல் இறுக மூடி, துண்டில் சுற்றி, முட்டையிலிருந்து மூன்று விரல் இடம் விட்டு வையுங்கள். குளிர்பான பாட்டில் சூட்டில் சுருங்கிச் சாய்ந்துவிடும்; கண்ணாடி விரிசல் விடும். ஒரு தம்பி, “வெந்நீர் வச்சும் சூடே ஏறலைண்ணே” என்று இரவு இரண்டு மணிக்கு அழைத்தான். போய்ப் பார்த்தால் வைத்திருந்தது வெற்றிட ஃபிளாஸ்க். அது சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்! காலையில் அதிலிருந்தே டீ குடித்தோம்.

மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் விளக்கு, கரி அடுப்பு எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தெர்மாகோல் பற்றினால் அணைக்க நேரம் கிடைக்காது. பற்றாவிட்டாலும் முட்டைக்கு வேண்டிய காற்றைத் தீ தின்றுவிடும்.

அடுத்தது அடைக்கோழி. இதை விடச் சிறந்த மாற்று ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஒரு சிறுவிடைக் கோழி (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) 12 முட்டை வரை நன்றாக அணைக்கும். ஆனால் அடையில் உட்கார்ந்திருக்கும் கோழிதான் உதவும். முட்டையிடும் கோழியைப் பிடித்து உட்கார வைத்தால் எழுந்து ஓடிவிடும். இருட்டில், டார்ச்சைக் கீழே பிடித்து, அதன் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். முன்பே கோழியின் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேன் அதிகமிருந்தால் அது பாதியில் எழுந்துவிடும். எல்லா முட்டைக்கும் கோழி இல்லையென்றால், நாள் குறைந்த முட்டையைக் கோழிக்குக் கொடுங்கள். நாள் முற்றியது தன் சூட்டில் பெட்டியில் தாங்கும்.

பிறகுதான் காசு செலவாகும் வழிகள். பழைய கம்ப்யூட்டர் யு.பி.எஸ். இருந்தால் அதில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 40 வாட் பெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினாலே அதிகம். பைக் பேட்டரியும் அதே கதைதான், காலையில் வண்டி கிளம்பாது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள வாசனையில்லாத வாயு ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் வயரை வீட்டுப் பிளக்கில் குத்தி “பின்வழியாக” கரண்ட் ஏற்றுவது எங்கள் பக்கம் நடக்கிறது. கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. இன்குபேட்டரை நேராக ஜெனரேட்டரில் செருகுங்கள், அல்லது லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: இன்வெர்ட்டரில் ஓடுகிறது, ஆனால் சூடு ஏறவில்லை

முதலில் பல்பைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், குண்டு பல்ப் ஃபியூஸ் போனதும் வீட்டில் யாரோ நல்ல மனதோடு 9 வாட் எல்.இ.டி. மாட்டிவிட்டு, “வெளிச்சம் வருதே” என்று சொன்ன வீடுகள் இரண்டு எனக்குத் தெரியும். நமக்கு வேண்டியது சூடு, வெளிச்சம் இல்லை.

இரண்டு பல்ப் இருந்து ஒன்று மட்டும் எரிகிறதா? ஹோல்டரில் உப்பு பூத்திருக்கும். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை மாதிரிக் கடலோர வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவை ஹோல்டரை மாற்றிவிடுவதே மேல். பிளக்கைக் கழற்றிய பிறகு கை வையுங்கள்.

இரண்டும் எரிகிறது, மங்கலாக எரிகிறதென்றால் வோல்டேஜ் குறைவு. இது இன்வெர்ட்டர் இல்லாமல் லைனில் ஓடும்போதும் வரும். மோட்டார் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் 180க்கு இறங்கும். அப்போது 60 வாட் பல்ப் 40 வாட் அளவுக்குத்தான் சுடும். இன்னொரு பல்ப் சேர்ப்பது ஸ்டெபிலைசர் வாங்குவதை விட மலிவு.

எல்லாம் சரி, ஆனால் ஃபேன் “கொர்ர்” என்று முனகியபடி மெதுவாகச் சுற்றுகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் (லைன் கரண்ட் போல் அலை சீராக வராத வகை) குணம் அது. ஃபேனை மட்டும் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனாக மாற்றி அடாப்டரில் ஓட்டுங்கள். இன்வெர்ட்டரையே மாற்றச் சொல்பவரை நம்பி உடனே பணத்தை எடுக்காதீர்கள்.

அறிகுறி 4: இன்வெர்ட்டர் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கிறது

12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி, காகிதத்தில் 1800 வாட்-மணி. பேட்டரியின் வயதும் இன்வெர்ட்டர் தின்பதும் போக 1000 கைக்கு வந்தால் பெரிது. பல்ப் எரிந்து அணைந்து எரிவதில் என் பெட்டி சராசரியாக 50 வாட் எடுக்கிறது. அதாவது 20 மணி நேரம். அதே லைனில் 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று ஓடினால் 8 மணி நேரம். இரவு 10 மணிக்குப் போன கரண்ட் விடிந்தும் வராவிட்டால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் இதில் பஞ்சாயத்தே நடந்திருக்கிறது: “கோழிக்குஞ்சுக்குப் பாக்கிறீங்க, பெத்த புள்ளைக்கு வேர்க்குதே!” கடைசியில் பெட்டிக்குத் தனி லைன் இழுத்து, பிள்ளைக்கு ஒரு ரீசார்ஜ் ஃபேன் வாங்கினேன்.

சுமையைக் குறைத்தும் அரை மணியில் கத்துகிறது என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? சோடா உப்பு கரைத்த வெந்நீரில் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் தகட்டுக்குக் கீழே போயிருக்கிறதா? ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது. நேற்றும் கரண்ட் போயிருந்ததா? முழுக்கக் காலியான பேட்டரி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகும்; இரண்டு வெட்டுக்கு நடுவில் மூன்று மணி நேரம் கரண்ட் வந்ததால் நிரம்பியிருக்காது. இதெல்லாம் சரியாக இருந்தும் கத்தினால், அல்லது பேட்டரி பக்கவாட்டில் வீங்கியிருந்தால், அழுகிய முட்டை வாடை வந்தால், நிறுத்திவிட்டு இன்வெர்ட்டர் மெக்கானிக்கை அழையுங்கள். அந்த வாடை முட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து நான் ஒரு தடவை பெட்டி முழுக்க முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 5: கரண்ட் வந்துவிட்டது, பெட்டிக்கு உயிர் வரவில்லை

கண்ட்ரோலர் (சூட்டைக் காட்டி, பல்பை எரித்து அணைக்கும் கருவி) எண்ணே காட்டவில்லை என்றால் முதலில் பிளக், பிறகு ஃபியூஸ், பிறகு அடாப்டர். கரண்ட் திரும்பும் நொடியில் வரும் வோல்டேஜ் தூக்கலில் முதலில் சாவது அடாப்டர்தான். அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள இன்னொன்றை மாட்டிப் பாருங்கள். எண் காட்டுகிறது, பல்ப் எரியவில்லை என்றால் பல்ப் ஃபியூஸ். பல்ப் புதிது, அப்போதும் இல்லையென்றால் ரிலே, அதாவது கண்ட்ரோலருக்குள் பல்பை எரித்து அணைக்கும் சுவிட்ச். 37.5 வைத்த பெட்டி 33 காட்டும்போது “டிக்” என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கண்ட்ரோலரை மாற்றுங்கள். சில கண்ட்ரோலரில் நாள் கணக்கு ஒன்றுக்குப் போய்விடும். அதை நம்பாமல் பெட்டி மேல் பென்சிலில் தேதி எழுதும் பழக்கம் நல்லது.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறதா, வயர் கருகிய வாடையா? மெயினை அணையுங்கள், வயர்மேன் வரும்வரை வெந்நீரில் ஓட்டுங்கள்.

அறிகுறி 6: கரண்ட் வந்த பிறகு சூடு 39ஐத் தாண்டுகிறது

ஓட வேண்டிய நேரம் இதுதான். மூடியைத் திறந்துவிட்டு, பிறகு காரணம் தேடுங்கள்.

போர்வையை எடுத்தீர்களா? வெந்நீர் பாட்டில் உள்ளேயே இருக்கிறதா? பாதிப் பேருக்கு இதுவே விடை. அடுத்தது சென்சார். இருட்டில் பாட்டில் வைத்து எடுக்கும்போது சென்சார் வயர் நழுவி வெளியே தொங்கும். அது வெளியறையின் 26 டிகிரியைப் பார்த்து, பல்பை அணைக்கவே விடாது. முட்டைக்குப் பக்கத்தில், பல்பின் நேர்ப்பார்வை படாத இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள்.

சென்சார் இடத்தில் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, இருந்தும் ஏறுகிறதா? கண்ட்ரோலரில் வைத்த அளவை 30க்குக் குறையுங்கள். பல்ப் அணைய வேண்டும். அணையாவிட்டால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டன. தட்டினால் சில நேரம் விடும், ஆனால் தட்டி வேலைபார்க்கும் ரிலேயை நம்பித் தூங்காதீர்கள், மாற்றிவிடுங்கள். இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட்டை 38.5க்கு வைத்து அதே பல்ப் லைனில் வரிசையாகப் போட்டுவிட்டால், ஒன்று ஒட்டினாலும் மற்றது அறுக்கும். சில நூறு ரூபாய் வேலை. எனக்கு அது 42 முட்டை வெந்த பிறகு உறைத்தது.

முட்டை திருப்பும் மோட்டார் மட்டும் நின்றிருந்தால் அவசரமில்லை, கையால் ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து தடவை திருப்புங்கள். 18 நாளுக்குப் பிறகு திருப்பவே வேண்டாம்.

அறிகுறி 7: எல்லாம் சரியாகிவிட்டது, முட்டை உயிரோடு இருக்கிறதா தெரியவில்லை

அன்றே லைட் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறிய கரு அசையாமல் கிடக்கும். செத்தது என்று தூக்கிப்போட்டு விடுவீர்கள். 32 டிகிரிக்குக் கீழே 18 மணி நேரம் வரை இருந்தும் பொரித்த முட்டைகள் உண்டு. வழக்கம்போல் ஓட்டி, நான்கு ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். செல்போன் டார்ச்சில் அட்டைச் சுருளை வைத்து முட்டையின் தடித்த முனையில் பிடித்தால் போதும். நரம்பு சிலந்திக்கால் மாதிரி விரிந்திருந்தால் உயிர். நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் இறந்தது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை, சேவலைப் பாருங்கள். நாறுவதும் கசிவதும் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள், உள்ளே வெடித்தால் மற்றவையும் கெடும்.

21ஆம் நாள் ஓசையே இல்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். மூக்கால் ஓட்டைக் குத்தி நின்றுவிட்ட குஞ்சு முழுதாக வெளியே வர முதல் ஓட்டையிலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். பெட்டியைத் திறந்து திறந்து ஈரப்பதம் போய், சவ்வு காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீர் நனைத்த துணியைப் பெட்டிக்குள் வைத்து ஈரப்பதத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். முட்டை ஓட்டைக் கையால் உரிக்க உட்கார்ந்தால் ரத்தம் வரும்.

தொப்புள் மூடாமல், வயிறு உப்பி, நிற்க முடியாமல் பல குஞ்சுகள் வந்தால் கால்நடை மருந்தகம். மின்வெட்டே இல்லாமல் இரண்டு தடவை தொடர்ந்து பொரிப்பு படுத்துவிட்டால், பொரிக்காத முட்டைகளை உடைக்காமல் எடுத்துப் போங்கள். கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி.

அறிகுறி 8: இன்னும் ஒன்றும் ஆகவில்லை, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள்

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கானது. அப்போது என்னிடம் இன்குபேட்டர் இல்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30 இரவு இருந்தது, 60 முட்டை, 12ஆம் நாள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை அது. இன்வெர்ட்டர் விடியும்வரை தாங்கியது. அம்மா அதற்குமுன்பே 24 முட்டையை இரண்டு அடைக்கோழிக்குக் கொடுத்துவிட்டார். மீதி 36க்கு இரண்டரை மணிக்கு ஒரு தடவை வெந்நீர், ஒன்றரை நாள். கோழிகள் 21 குஞ்சு இறக்கின, என் பெட்டி 19. என்னுடையவை 23ஆம் நாள்தான் வந்தன. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரை மீறியபோது, ஆற்றோரம் ஒரு நண்பர் பெட்டியைத் தரையில் வைத்திருந்ததால் முட்டைகள் மிதந்தன.

ஆகவே கூண்டு ஏறியதும் நான் செய்வது இது. பெட்டியைத் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏற்றுவேன். பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்து, ஃபேனை நிறுத்தி, முழு சார்ஜ். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் நான்கைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவேன். கரண்ட் இருக்கும்போதே சூடேறி, போன பிறகு மெதுவாக விடும். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பேன். புது முட்டை அடை வைக்க மாட்டேன்: மண்பானைக்குப் பக்கத்தில் கூர்முனை கீழாக ஒரு வாரம் வரை அவை காத்திருக்கும். சோலார் பேனல் வைத்தவர்கள் அதை நம்பி இருக்காதீர்கள், புயல் மேகத்தில் அது தூங்கிவிடும். அடை படுத்திருக்கும் கோழி எந்த வீட்டில் இருக்கிறது என்று அன்று மாலையே தெரு முழுக்கக் கேட்டு வைத்துவிடுவார் அம்மா. பதிலுக்குக் கொடுப்பது இரண்டு குஞ்சு.